ஒரு பெயர், நாலு கை

ஜூலை 5, சனி

வெயில். ரவாங் வரை காடியில் ஒரு மணி நேரம், ஏர்கோன் செத்து இரண்டு வாரம். ரிஸ்க் மேனேஜ்மென்ட் வகுப்பில் பதினோரு பேர். பேங்க், தொழிற்சாலை, இன்சூரன்ஸ் ஆபிஸ் ஆட்கள். கணக்கு எழுதும் எஸ்டேட் கிராணி நான் ஒருத்திதான். முதல் வரிசைக்காரி, உதட்டுச் சாயம், பெயர் லீனாவாம், கேட்டாள்: "எஸ்டேட்டெல்லாம் இன்னும் இருக்கா?" இருக்கிறது. நீ தின்கிற பிஸ்கட்டுக்கு எண்ணெய் எங்கிருந்து வருகிறதாம்? கேட்கவில்லை, நினைத்ததோடு சரி.

மேடம் இன்று ரிஸ்க் பட்டியல் எடுத்தார். ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு எண். நடக்க எவ்வளவு வாய்ப்பு, ஒன்றிலிருந்து ஐந்து. நடந்தால் எவ்வளவு பாதிப்பு, அதுவும் ஒன்றிலிருந்து ஐந்து. பெருக்கி, பெரிய எண்ணை மேலே எழுத வேண்டும். பிறகு நாலு வழியில் ஒன்று: தவிர்த்தல், குறைத்தல், அடுத்தவர் தலையில் மாற்றுதல் (இன்சூரன்ஸ் இதில்தான்), ஏற்றுக்கொள்ளுதல்.

"பாதிப்பு யாருக்கு மேடம்?" என்று கேட்டேன். "நிறுவனத்துக்கு. வேறு யாருக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். லீனா கொஞ்சம் அதிகமாக.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன்:
அண்ணன் – ஏற்றுக்கொள்ளுதல்.
அண்ணியின் சாம்பார் – குறைத்தல்.
அண்ணியின் வாய் – தவிர்த்தல். வழியில்லை, நடுவில் இருப்பது பலகைச் சுவர்.
நான் – மாற்றுதல். பதினைந்து வருடமாக முயற்சி, வாங்க ஆள் வரவில்லை.

கடைசி வரி என்னுடையது அல்ல. அண்ணி ஜெராமில் ஒரு கல்யாணத்தில், பந்தியில், எல்லார் முன்னாலும் சொன்னது: "எங்க வீட்ல விக்காத சாமான் ஒண்ணு இருக்கு லா, பாக்குறீங்களா?" நான் எதிர்ப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 9, புதன்

புகைமூட்டம். தொண்டை அரிப்பு. பாடவேலைக்கு அவரவர் நிறுவனத்தின் பட்டியல் வேண்டுமாம். எழுதியவை: லோரி பிரேக். பூச்சிமருந்து ஸ்டோர் பூட்டு. மின்கம்பிக்கு அடியில் இருக்கும் இரண்டு நிரை மரம். வாய்க்கால் பாலம்.

பிறகு ஐந்தாவது. எழுதலாமா என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்தேன். பெயர் இல்லாத ஆட்கள்.

விஷயம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருஷன் நீளக் கழியால் செம்பனைக் குலையை வெட்டுவான். பெண்டாட்டி பின்னால் குனிந்து உதிரிப் பழம் பொறுக்குவாள், மட்டையை இழுத்துப் போடுவாள். சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் அவனுக்கு மட்டும். அவள் இல்லாமல் ஒருத்தனுக்கும் அன்றைய டன் கணக்கு எட்டாது. ஆள் எடுக்கும்போதே, வேலை வாங்கும் மண்டோர் கேட்பது, "ஜோடி இருக்கா?" ஒரு பெயர், நாலு கை. எங்கள் எஸ்டேட்டில் இப்படி இருபத்து மூன்று பெண்கள். அண்ணி பதினோரு வருடம்.

அம்மாவும் அப்படித்தான் இருந்தாள். அவள் செத்தபோது எஸ்டேட் மலர்வளையம் அனுப்பியது. அட்டையில் அப்பா பெயர்.

வாய்ப்பு 4, பாதிப்பு 5. இருபது. பட்டியலில் முதல் இடம். வழி: இருபத்து மூன்று பேரையும் செக்ரோலில் சேர்த்து, தொழிலாளர் காப்புறுதியில் பதிவது. எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

எஸ்டேட் துரையிடம் பட்டியலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சாந்தி, நீ படிக்கிறது நல்ல விஷயம். ஆனா இவங்களையெல்லாம் இப்ப சேத்தா மேல கேப்பாங்க, இவ்ளோ நாளா யாரு வேல செஞ்சதுன்னு. நான் என்னா சொல்றது?"

தாளை என் பக்கம் தள்ளினார்.

"ஒன் புத்தகத்துல வேற வழி இல்லியா?"

"தவிர்த்தல்னு ஒண்ணு இருக்கு சார். பேரு இல்லாதவங்க தோட்டத்துக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போடுறது."

"அத எழுது."

"அவங்க வருவாங்களே சார்."

"வரட்டும். நான் பேப்பரப் பத்திதான் பேசுறேன்."

வாசல் வரை வந்துவிட்டேன், கூப்பிட்டார். ரவாங் தலைமை ஆபிஸில் ரிஸ்க் பிரிவுக்கு ஆள் தேடுகிறார்களாம். என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாராம். உள்ளேயே நாற்காலி, ஏர்கோன். பல் தெரியச் சிரித்துவிட்டேன். வெட்கக்கேடு.

ஜூலை 16, புதன்

மறக்கக்கூடாதவை: பால்பவுடர், துணி சோப்பு, மோட்டார் சைக்கிளுக்கு லைசென்ஸ்.

நோட்டீஸ் எழுதிவிட்டேன். பதினோரு வரி, சுத்தமான மலாய். செக்ரோலில் பெயர் இல்லாதவர் தோட்டத்துக்குள் நுழையத் தடை. மீறி நுழைந்தால் அது அவர் சொந்தப் பொறுப்பு. அழைத்து வரும் தொழிலாளியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

காலையில், பெயர் வாசிக்கும் பெரட்டில், எல்லோரும் வரிசையாகக் கையெழுத்து. அண்ணன் முறை.

"என்னா சாந்தி இது?"

"ஆபிஸ் விசயம்ண்ணே."

"நீ எழுதுனதா? அப்பறம் என்னா." வாசிக்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, நிதானமாக, முழுப் பெயரும் போட்டான். அண்ணி கோணியும் பூட்ஸுமாகப் பின்னால் நின்றாள். அவளுக்குக் கட்டம் இல்லை. பெயர் இல்லாதவருக்கு எதற்குக் கட்டம்?

கடைசிக் கையெழுத்தின் மை காயவில்லை. கோபால் மண்டோர் லோரியில் கையை ஊன்றிக்கொண்டு, தினமும் கேட்பது போலக் கேட்டார்: "ஜோடி எல்லாம் ஏறியாச்சா?" இருபத்து மூன்று பேரும் ஏறினார்கள். நான் பைலை மூடினேன்.

ஜூலை 26, சனி

மழை, கடைசியில். வகுப்பு. மேடம் என் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டினார். இருபதாக இருந்த ஆபத்து ஒரே தாளில் நாலாக இறங்கியிருக்கிறது, செலவே இல்லாமல், என்று. லீனா நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுது, எழுது.

மத்தியானம் அண்ணி கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் மீன் வால் துண்டு. மறுபடியும். நடுத்துண்டு அண்ணனுக்குத்தான் போகும். இந்தப் பெண்மணி என்றைக்காவது எனக்கு நடுத்துண்டு வைத்தால் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

9.40. கோபால் மண்டோர் ஆபிஸ் வாசலில், தொப்பி கையில். "சாந்தி, பதினாலாம் பிளாக். ஒங்க அண்ணி. கொல விழுந்திருச்சி."

அண்ணன் வெட்டிய குலை, இருபது கிலோ இருக்கும். மட்டையில் பட்டுத் திசை மாறி, அடுத்த மரத்தடியில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தவள் முதுகில். மூச்சு இருக்கிறதாம். கால் அசையவில்லையாம்.

என் கை முதலில் போனது நோட்டீஸ் பைலுக்கு. இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் காடிச் சாவி. இதை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார்: இடுப்புக்குக் கீழே இனி இல்லை.

அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தரை துடைக்கிறவரிடமும், "நான்தான் வெட்டுனேன். நான்தான் வெட்டுனேன்." ஆமாம், நீதான். நோட்டீஸும் அதைத்தான் சொல்கிறது, கீழே உன் முழுப் பெயரோடு. வாய் வரை வந்தது. கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காப்புறுதி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி. மலாய்க்காரப் பையன், மரியாதையானவன். செருப்பை வெளியே விட்டான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வேலை செய்தவர் என்று உறுதியானால், பெயர் பதியாவிட்டாலும் அண்ணிக்கு ஆயுசுக்கும் மாதாமாதம் உதவி கிடைக்க வழி உண்டாம். பெயர் பதியாதது முதலாளி குற்றம், அண்ணி குற்றம் இல்லையாம். எனக்கும் தெரியும், மூன்றாவது பாடம்.

துரை தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கோபால் மண்டோர் துரையைப் பார்த்துவிட்டு, தனக்கும் தெரியாது என்றார். பிறகு நான். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் அண்ணன்.

"அந்தப் பெண் இங்கே வேலை செய்தாரா?"

"செக்ரோலில் பெயர் இல்லை."

"அது தெரியும். வேலை செய்தாரா?"

ஒரு வார்த்தை. ஆமாம். பொய்கூட இல்லை. பதினோரு வருடம் தினமும் காலையில் என் ஜன்னல் வழியாக அவள் லோரி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"தடை செய்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்." எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் கையெழுத்தை அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "யார் எழுதியது?" துரை என்னைக் காட்டினார், பெற்ற மகளைக் காட்டுவது போல. "தெளிவாக இருக்கிறது," என்றான் பையன். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்டுப் பார்க்கிறேன்:
1. லயத்து வீடு எஸ்டேட்டுடையது. ஆமாம் என்றால் மூன்று பேரும் தெருவில்.
2. ரவாங் நாற்காலி.
3. விக்காத சாமான்.

முதல் இரண்டும் பிறகு யோசித்துச் சேர்த்தவை. அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது மூன்றாவதுதான்.

வெளியே வந்தேன். எல்லாம் கேட்டிருப்பான். அண்ணன் எழுந்து நின்றான். "பசியாறுனியா?" என்றான். அடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 30, சனி

உயர் தேர்ச்சி. வகுப்பில் நான் ஒருத்திதான். மேடம் உண்மைச் சம்பவத்தையும் சேர்க்கச் சொல்லியிருந்தார், சேர்த்தேன். சம்பவம்: ஒன்று. நிறுவனத்துக்குப் பாதிப்பு: 1. கட்டுப்பாடு வேலை செய்தது. கை தட்டினார்கள்.

மேடம் போன பிறகு லீனா வந்தாள். "அந்த அம்மா என்னா ஆனாங்க?" பதினோரு பேரில் கேட்டது இவள் ஒருத்தி. இந்த உதட்டுச் சாயம்தான் கேட்க வேண்டுமா?

"தெரியாது," என்றேன்.

எல்லோருமாகக் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிறார்களாம். "ஒங்க பக்கந்தானே, நீங்களும் வாங்க லா." வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்ட அண்ணியை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை.

செப்டம்பர் 4, வியாழன்

காப்புறுதிக் கடிதம், அண்ணன் பெயருக்கு. நிராகரிப்பு. படித்துச் சொன்னது நான், வேறு யார்?

ரவாங் கடிதமும் அதே பையில். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டு வாரமாக டன் எட்டவில்லை. வெட்டவும் அவனே, பொறுக்கவும் அவனே. துரை கூப்பிட்டுச் சொன்னார், அன்பாகத்தான்: "வீடு, கொல வெட்டுற ஆளுக்குத்தான், சாந்தி. ஒங்க அண்ணன் கிட்ட சொல்லி வை. ஜோடி பாக்கச் சொல்லு." நான் எழுதிய முதல் காரணம், தானாக நடந்து வந்து வாசலில் நிற்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அண்ணிக்குத் தலைக்கு ஊற்றினேன். கட்டிலில் வைத்தே, பேசின் பிடித்து. முடி நிறைய நரை, இத்தனை நாள் கவனிக்கவில்லை. கண்ணை மூடியபடி கேட்டாள்.

"அந்த நோட்டீசுல என்னா எழுதியிருந்திச்சு? ஒங்க அண்ணனக் கேட்டா தெர்ல தெர்லங்கிறாரு. படி."

"இப்ப எதுக்கு அண்ணி?"

"படி லா."

படிக்கத் தேவையில்லை, மனப்பாடம். தமிழில் சொன்னேன், பதினோரு வரியும். தண்ணீர் காது வழியாகப் போனது. அவள் துடைக்கச் சொல்லவில்லை.

"இதுல நான் எங்க வர்றேன்?"

"நீங்க வரக்கூடாதுங்கிறதுதான் அண்ணி."

"எதுக்கு எழுதுன?"

"படிப்புக்கு."

"பாஸா?"

"பாஸ்."

"ம். நல்லா இரு." சபித்தாளா வாழ்த்தினாளா என்று குரலில் தெரியவில்லை. பிறகு, சோறு போட்டுக்கொள் என்று சொல்லும் அதே குரலில்: "நாளைக்கு ஆபிசுக்கு லீவு போடு. ஒங்க அண்ணன் தனியா கெடந்து சாவுறாரு. என் பூட்ஸு கொல்லையில இருக்கு. பக்கத்து வீட்ல சொல்லிட்டேன், என்னையப் பாத்துக்குவாங்க."

முடியாது என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. பேசினைக் கொட்டிவிட்டு, கொல்லையிலிருந்து பூட்ஸை எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐந்தே முக்கால். தூறல். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது, உள்ளே துணி வைத்திருக்கிறேன். பெரட்டில் யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். பலகையில் என் நோட்டீஸ், மழையில் ஓரம் சுருண்டு. கோபால் மண்டோர் செக்ரோலை வாசித்தார். அண்ணன் பெயருக்குப் பிறகு அடுத்த ஆள் பெயர். பிறகு லோரியில் கையை ஊன்றிக்கொண்டு:

"ஜோடி எல்லாம் ஏறியாச்சா?"

அண்ணன் எனக்குக் கை கொடுத்து மேலே இழுத்தான்.

"ஏறியாச்சி," என்றேன்.