பின் அடித்த பக்கங்கள்

உழவர்கரை, புதுச்சேரி
12.12.2005

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே கம்பெனியிலிருந்து அறைக்கு வந்தால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை.

நேற்று அறைத்தோழி மெரினோடு வாசகர் வட்டத்துக்குப் போனேன். அங்கே அன்று படிக்க எடுத்தது, பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண் தன் கதையைத் தானே எழுதிய புத்தகம். செயலாளர் கலியமூர்த்தி சார் நடுவில் நான்கு பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தார்.

“லேடீஸ் படிக்கிறாங்களேம்மா, அசிங்கமா இருக்கும்னுதான்.”

“செஞ்சவனுக்கு இல்லாத அசிங்கம் படிக்கிறவளுக்கு எதுக்கு சார்?” என்றாள் மெரின்.

நான் பின்னைப் பிடுங்கிவிட்டு உரக்கப் படித்தேன். நடந்த கொடுமையைக்கூடப் படித்துவிட்டேன். பிறகு அந்தப் பெண் தன் அம்மாவிடம் சொல்கிறாள். அந்த அம்மா நம்புகிறாள். அங்கே புத்தகத்தை மெரினிடம் கொடுத்துவிட்டேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொங்கலுக்கு வருகிறேன். பழைய போர்வையைத் துவைத்து வை. பஸ் நிலையத்துக்குத் தங்கராசு மாமாவை அனுப்பாதே. அவர் உன் தம்பிதான். பன்னிரண்டு வயதில் அவர் செய்ததை நான் அழுதுகொண்டு சொன்னபோது, “கனவு கண்டிருப்பே, போய்ப் படு” என்றாய். அது கனவில்லை, அம்மா.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இந்தப் பொங்கலுக்கு அவர் நம் வீட்டுக்கு வரமாட்டார் என்று நீ எழுதினால்தான் டிக்கெட் எடுப்பேன்.

சரிதா