மாற்றுச் சாவி யாரிடம்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், உடம்புக்கு ஏதாவது வந்தால் அது சரியாகிப் போன பிறகுதான் எங்களுக்குச் சொல்லுவாய் என்பதும் தெரியும். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. போனில் நான் நாலு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து தடவை சரிம்மா சரிம்மா என்பாய், சொன்னது உன் காதில் ஏறியதா இல்லையா என்றே எனக்குத் தெரியாது. காகிதத்திடம் சரிம்மா சொல்ல முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் ஊரிலிருந்து ஒரு பெண்மணி என்னைக் கூப்பிட்டார். நீ வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனத்துக்கு வெளிநாடுகளிலிருந்து விஞ்ஞானிகளைச் சேர்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவியாம். பிறந்த குழந்தைகளின் மரபணுக்களைப் படித்து நோயைக் கண்டுபிடிக்க ஒரு புதுக் குழு அமைக்கிறார்களாம், அதற்கு உன்னையே தலைவியாகப் போட நினைக்கிறார்களாம், நிரந்தர வேலையாம், நீதான் இன்னும் பதில் சொல்லவில்லையாம். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு அம்மாவைக் கேட்க வேண்டும் என்றாயாம், அதனால் அம்மாவையே கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டாராம். எத்தனை ‘ஆம்’ என்று பார்த்தாயா, என் மகளைப் பற்றிய சேதி எல்லாம் எனக்குப் பிறத்தியார் வாய் வழியாகத்தான் வருகிறது.

குட்டிமா, நீ யாரிடம் கதை விடுகிறாய்? இங்கே எங்கள் மரபணு ஆய்வு மையத்தில் நான் பார்ப்பதும் அதே வேலைதானே. தேசம் தேசமாக இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, பேசிப் பேசி இங்கே வரவழைத்து, வீடு பார்த்துக் கொடுத்து, விசாவுக்கு அலைந்து, எல்லாம் செய்கிறவள் நான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் கேட்பதே இல்லை. வேண்டாம் என்று சொல்ல மனசு வராதவர்கள் ஒரு ரகம், வேண்டும் என்று சொல்லப் பயப்படுகிறவர்கள் இன்னொரு ரகம், இரண்டு பேரும் பழியைப் பெற்றவர்கள் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். நீ எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரார் பிள்ளைகளைக் குரலை வைத்தே கண்டுபிடிக்கிறேன், என் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்பதுதான் உறுத்துகிறது.

அந்தப் பெண்மணி தொழில் தெரிந்தவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் என் உடம்பை விசாரித்தார், பிறகு அப்பாவின் முழங்காலை, பிறகு சின்ன வயதில் நீ எப்படி என்று. நான் மற்ற அம்மா அப்பாக்களிடம் பேசும்போது எந்த வரிசையில் போவேனோ அச்சு அசலாக அதே வரிசை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். வெளியே போகும்போது என் மகள் சாவியைத் தொலைத்துவிட்டால் அவள் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். எந்த நேரமும் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது என்றார். நான் நம்பரைக் கேட்கவில்லை அம்மா, ஆளைக் கேட்டேன் என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.

இது என் சொந்தக் கேள்வி இல்லை. நம் கட்டடத்தில் மேல் மாடியில் இருக்கும் பெண்ணை வீடியோவில் ஒருமுறை பார்த்திருக்கிறாய், சுருட்டை முடி, எங்கள் மையத்துக்கு நான் சேர்த்த ஆள். அப்பா அவளுக்கு மாடிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார், அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கிறாள். அவளைச் சேர்க்கும்போது அவள் அப்பா என்னோடு பேச வேண்டும் என்றார். அவர் பாஷை எனக்கு வராது, என் பாஷை அவருக்கு வராது, நடுவில் அவளே உட்கார்ந்து தன்னைப் பற்றிய கவலையை எல்லாம் தானே மொழிபெயர்த்தாள். அவர் சம்பளம் பற்றிக் கேட்கவில்லை, படிப்பு, பதவி எதுவும் கேட்கவில்லை. இவ சாவிய உள்ள வெச்சுப் பூட்டிட்டு வர்ற ஆளு, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கும்னு அப்பா கேக்குறாரு என்று அவள் சொன்னபோது, முன்பின் யோசிக்காமல் என்கிட்ட என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு செய்யாமல் இருக்க முடியுமா? அன்றிலிருந்து நான் சேர்க்கிற ஒவ்வொருவருடைய மாற்றுச் சாவியும் என் மேசை டிராயரில் இருக்கிறது. எங்கள் பாதுகாப்பு அதிகாரிக்கு இது பிடிக்கவில்லை, என்ன மேடம் பூட்டுக் கடை வெச்சிருக்கீங்களா என்று போகும்போதும் வரும்போதும் கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வெளியே மாட்டிக்கொண்டேன். அப்பா குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனார், போனவர் கடைப் பையை மறந்துவிட்டார், பையைக் கொடுக்க நான் பின்னாலேயே நாலு படி இறங்கினேன், காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அடுப்பில் பால். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா சாவி எங்க சாவி எங்க என்று என்னைக் கேட்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம் தொங்குவது அவருக்குத் தெரியாதா? சத்தம் கேட்டு மாடிக்காரி வாயில் பல் பிரஷ்ஷோடு இறங்கி வந்தாள். நேரே படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன அலமாரியைத் திறந்து நம் வீட்டு கேஸ் வால்வை மூடிவிட்டு, அப்புறம்தான் வாயைக் கொப்பளிக்கப் போனாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், நீங்கதானே முதல் நாளே காட்டினீங்க, மறந்துட்டீங்களா என்கிறாள். நம் கட்டடத்துக்குக் குடி வருகிற எல்லோருக்கும் அந்த அலமாரியை நான்தான் திறந்து காட்டுகிறேன், என் வீட்டுப் பால் பொங்கும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. அப்பா இதை இன்னும் ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

பூட்டுக்காரர் வருகிற வரைக்கும் மாடிக்காரி வீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லார் வீட்டு மாற்றுச் சாவியும் என்னிடம் இருக்கிறது, என் வீட்டு மாற்றுச் சாவி உன்னிடம் இருக்கிறது, நீயோ கடல் தாண்டி இருக்கிறாய். ராத்திரி விமானத்தில் வந்து இறங்கினால் உங்களை எழுப்பாமல் உள்ளே வந்துவிடுவேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாயே, அந்தச் சாவி.

இப்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் பிறகு நீயே என்னைக் கேட்பாய். எங்கள் மையத்திலும் அதே மாதிரி வேலைக்கு ஆள் தேடுகிறோம், அதற்கும் இந்த மாதக் கடைசிதான் கெடு. எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, உங்க பொண்ணு மாதிரி ஆளைத்தானே தேடிக்கிட்டிருக்கோம், நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார். நான் சொல்ல மாட்டேன், மற்றவர்களுக்குத் தெரிவிக்கிற மாதிரி தெரிவிக்கிறேன் என்றேன். நீ விண்ணப்பித்தால் தேர்வுப் பக்கமே நான் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் கெட்டதைத்தான் முதலில் சொல்லுவேன், உனக்கும் அப்படியே. மரபணு வாசிக்கும் இயந்திரம் பழசு, மக்கர் பண்ணினால் பழுது பார்க்க ஆள் விமானத்தில்தான் வர வேண்டும். ரசாயனங்கள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கும். இயக்குநர் மத்தியானச் சாப்பாடு வரை நல்ல மனிதர். நல்லது என்று சொன்னால், எதிர்த்தாற்போலவே குழந்தைகள் மருத்துவமனை, நீ யாருடைய ரத்தத்தைப் படிக்கிறாயோ அந்தக் குழந்தையைத் தெருவைக் கடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு, இன்ன நோய் என்று ஒரு பெயர் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தக் குழந்தைகள் உன் ஊரிலும் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்தப் பெண்மணியிடம் என்ன சொன்னேன் என்று கேட்பாய். என் பொண்ணு என்னைக் கேக்கவே இல்ல, கேட்டிருந்தா எனக்குச் சம்மதம்னு சொல்லியிருப்பேன் என்றேன். ஆகவே இனி அம்மாவைச் சாக்கு வைக்க வழியில்லை. போனை வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் மறைக்கவில்லை, அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். நீ இங்கே வந்தால் எனக்குச் சந்தோஷம், அங்கேயே இருந்தால் வருத்தம், ஆனால் என் வருத்தத்துக்காக நீ ஒரு வேலையை எடுப்பதோ விடுவதோ கூடாது. அப்பாவைக் கேட்டேன், அவ இஷ்டம் என்றார். அப்படிச் சொன்னவர்தான் தினமும் உன் ஊர் வானிலையைப் போனில் பார்த்து அங்கே மழை என்று எனக்கு அறிவிக்கிறார், இங்கே கொடியில் கிடக்கும் துணி நனைவது அவர் கண்ணில் படாது.

வேளைக்குச் சாப்பிடு. மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் சரியாவதற்கு முன்னாலேயே போய்ப் பார். எந்த வேலையை எடுத்தாலும் முழு மனசோடு எடு. உன் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் கொடுத்திருக்கிறாய் என்று மறக்காமல் எழுது, யாரிடமும் இல்லை என்றால் இந்த வாரமே ஒரு ஆளைப் பிடித்துக் கொடு, நம்பர் வேண்டாம். இங்கே புதிதாக ஒரு சாவி செய்து மாடிக்காரியிடம் கொடுத்துவிட்டேன், எங்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. பூட்டுக்காரர் மட்டும், ஒரு சாவி வெளியில இருக்குதுன்னா பூட்டையே மாத்திடுறதுதான் நல்லது என்று ரொம்ப நேரம் சொல்லிப் பார்த்தார். வெளியில் இல்லை, வீட்டு ஆள் கையில்தான் இருக்கிறது என்றேன். பூட்டை மாற்றவில்லை. நீ எங்கே வேலை பார்த்தாலும் சரி, என்றைக்கு வந்தாலும் எங்களை எழுப்பாமல் உள்ளே வரலாம்.

நல்லபடியாக, நிறைவாக இரு.

என்றும் உன்,
அம்மா