ஹெட்செட்டைக் கழற்றாமல் சொன்ன “சரி”

ஜூன் 9
வீட்டிலிருந்தே வேலை. பார்சல் எங்கே என்று கேட்பவர்களுக்கெல்லாம் போனில் பதில். காதில் ஹெட்செட், கையில் கரண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர், “உனக்குப் பத்து கை கீது வடிவு” என்றார். மாமா வாயால் பாராட்டு வருவதே அபூர்வம், எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11
திருமழிசைக்குப் போக வேண்டிய பார்சலைத் திருநின்றவூருக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் தாளித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வர்ஷா, “அக்கா, கவனம் எங்கே?” என்றாள். அடுப்பில் என்று சொல்ல முடியுமா?

ஜூன் 14
மாமா பரணிலிருந்து பெரிய பையை இறக்கினார். எதுக்கு என்றேன்.

“ஓசூருக்குத்தான். கம்பெனி அங்க புது யூனிட்டு போடுது. ரெண்டு வருசம் ஆஸ்டல்ல தங்கணும். பேரு குடுத்துட்டேன்.”

என்னைக் கேட்காமலா?

“செவ்வாக்கெழம கேட்டேனே. நீதான சரி மாமா, போய்ட்டு வானு சொன்ன.”

சொன்னேனாம். போன் பேசிகினே, தோசையத் திருப்பிகினே. கடைக்குப் போறார்னு நெனச்சிருப்பேன். இவ்ளோ பெரிய விஷயத்த என் முதுகு கிட்ட சொல்லிகினு நின்னிருக்கார் — நான் திரும்பிக்கூட பாக்கல. நான் இன்னா பொண்டாட்டி?

ஜூன் 15
ஹெட்செட்டை பீரோவில் வைத்தேன். அடுப்பை அணைத்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, “இப்ப கேளு மாமா” என்றேன்.

“போவட்டா?”

“வேணாம்.”

“இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா பேரே குடுத்திருக்க மாட்டேன். நான் இல்லாட்டியும் உனக்கு ஒண்ணுமில்லனு நென்ச்சிகினேன்.”

அழுதுவிட்டேன். அவருக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க என்னைத் திட்டினார்.

ஜூன் 17
பேரை எடுக்க முடியாது என்கிறார் மேனேஜர். பதிலுக்கு ஆள் வேண்டுமாம். 

ஜூன் 20
மாமாவோடு வேலை செய்யும் அமல்ராஜ் அண்ணனுக்குச் சொந்த ஊரே ஓசூர் பக்கம்தானாம். மாமாவுக்குப் பதில் அவர் போகிறார்! நன்றாக இருக்கட்டும் அந்த மனுஷன்.

போனில் இருக்கும்போது இப்போதெல்லாம் அடுப்புப் பக்கம் போவதில்லை. “இந்த வாரம் ஒரு தப்புகூட இல்லக்கா” என்றாள் வர்ஷா.

ஜூன் 26
வேலை முடித்தேன், பிறகு சமைத்தேன், பிறகு மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பெனிக்குப் புது மிஷின் வந்த கதையை, லாரி கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து ஆரம்பித்தார். சோறு ஆறியும் லாரியிலிருந்து மிஷின் இறங்கவில்லை. இவ்வளவு பேசுவார் என்று தெரிந்திருந்தால் ஓசூருக்கே அனுப்பியிருப்பேன்.

பொய். “அப்பறம் இன்னா ஆச்சு மாமா?” என்று நானேதான் கேட்டேன்.