ரூட் நம்பர் ஃபோர்

சிவாஜிநகர், பெங்களூர்
9.7.1999

அன்புள்ள செண்பகத்துக்கு,

நீயும் அத்தையும் நலம்தானே? உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் சௌக்கியம்.

ஏழாவதாக ஏறி இறங்கிய பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. தாளாளர் அம்மா என்னைப் பாடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "வாய்ஸ் தும்ப சென்னாகிதெ, ரொம்ப நல்லாயிருக்கு சார். ஆனா பாட்டு பீரியடெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு. ஆபீஸ் வேலை பார்த்துக்கிட்டு, சாயங்காலம் மைக்ல பஸ் நம்பர் சொல்றீங்களா?" என்றார். எம்.ஃபில். சான்றிதழை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சரி என்றேன்.

"ரூட் நம்பர் ஃபோர்" என்று நான் இழுப்பதைப் பிள்ளைகள் அப்படியே பாடிக் காட்டுகிறார்கள். எனக்கும் சிரிப்புதான் வருகிறது. அறையில் இருப்பவர்கள் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் தூங்குவதால் சாதகம் பண்ண முடியவில்லை. தாளாளர் அம்மாவிடம் பாடிக் காட்டியதை விட்டால், பாடி நாற்பது நாளாகிறது. முதல் வாரம் தொண்டை தவித்தது, இப்போது அதுவும் இல்லை.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்பு. ஞாயிறு பத்து மணிக்கு எதிர்வீட்டு போனில் கூப்பிடுகிறேன். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதே. உன் அப்பா கேட்டால் பாட்டு வாத்தியார் வேலை என்றே சொல். மூன்றேகால் ஆகிவிட்டது, ஓட வேண்டும். தம்புராவைக் கேட்டு யாராவது வந்தால் கொடுத்துவிடு.

உன்,
கவியரசன்