வலிக்காத நெஞ்சு

புதன், ஐப்பசி 12

இன்று மில்லில் மருத்துவ முகாம். மூன்று நாளாகச் சோற்றைத் தொடாமல் சுகரை இறக்கி வைத்திருந்தேன். டாக்டரம்மா அதை விட்டுவிட்டு பிரஷர், கொழுப்பு, பீடி என்று கேட்டுக்கொண்டே போனார்.

"நெஞ்சு வலிச்சதே இல்ல மேடம்," என்றேன் பெருமையாக.

"சுகர் இருந்தா வலிக்காமலேயும் அட்டாக் வரும். நாளைக்கே இசிஜி எடுங்க."

நான் ஃபிட்டர். மோட்டாரில் ஸ்குரூடிரைவரை ஊன்றிப் பிடியில் காதை வைத்தால், பேரிங் தேய்ந்து போகப்போவது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ராத்திரி படுக்கையில் பெண்டாட்டி செல்வியை என் நெஞ்சில் காதுவைத்துக் கேட்கச் சொன்னேன்.

"நல்லாத்தான் ஓடிக்கினு கீது. தூங்குய்யா," என்றவள் அப்படியே தூங்கிவிட்டாள். அவள் தலையை நகர்த்தாமல் எழுதுகிறேன். தலை என் மூச்சோடு ஏறி இறங்குகிறது, படகு மாதிரி.

பேரிங் என்றால் போகுமுன் கத்தும். இந்த நெஞ்சு அவளைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறது.