மச்சானின் இலையில் இளநீர்

பிரியத்துக்குரிய மச்சான்,

நலமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் கேட்கிறேன். அங்கே சுகர் எவ்வளவு இருக்கிறது? யாராவது விரலில் குத்திப் பார்க்கிறார்களா, இல்லை நிம்மதியாக விட்டுவிட்டார்களா?

போன வாரம் உங்கள் முதல் வருஷத் திதி. அதற்கு முன்னால் என் கதை ஒன்று. நம் வழக்கப்படிதான் புதுக்கோட்டைக்கு டெஸ்ட்டுக்குப் போனேன். அதாவது, முந்தின இரண்டு நாள் கேழ்வரகுக் கூழ், பாகற்காய், ஆலங்குடி ரோட்டில் அசுர நடை. எல்லாம் நீங்கள் கண்டுபிடித்த வித்தை. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் சேர்த்து இடம் பிடிக்க நீங்கள்தான் இல்லை. நின்றுகொண்டே போனேன். ரத்தம் கொடுத்த கையோடு வழக்கமான பரோட்டா.

வெறும் வயிற்று சுகர் அருமையாக வந்திருந்தது. டாக்டரம்மா அதைச் சட்டையே செய்யவில்லை. இன்னொரு தாளை நீட்டினார். "இது மூணு மாச சராசரிங்க. ரெண்டு நாள் பட்டினியெல்லாம் இதுகிட்ட எடுபடாது." சிறுநீரில் புரதம் வேறு இறங்குகிறதாம். "கிட்னி இப்பத்தான் லேசா முனங்குது. சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள்ள கொண்டாந்தா காப்பாத்திரலாம். விட்டுட்டீங்கன்னா, ஒங்க மச்சானக் கூட்டியாந்தீங்களே, அதே டயாலிசிஸ் ரூம்தான்."

பயந்துபோய்விட்டேன் மச்சான். ஆனால் அந்தப் பயம் உங்கள் திதி வரைக்கும்தான் தாங்கியது. படையல் என்றால் அதிரசம் இல்லாமலா? உங்கள் பெயரைச் சொல்லி ஒன்று, என் பெயரைச் சொல்லி ஒன்று என்று கணக்குப் போட்டபடி உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

என் அக்கா உங்களுக்குப் போட்டிருந்த இலையைப் பார்க்க வேண்டுமே! அதிரசம், வாழைப்பழம், உருளைக்கிழங்கு வறுவல், ஊறுகாய். பக்கத்தில் சீவி வைத்த இளநீர். தோப்பு நிறையத் தென்னையை வைத்துக்கொண்டு, கிட்னி போன பிறகு ஒரு மடக்கு இளநீருக்கு அவளிடம் எப்படிக் கெஞ்சினீர்கள்! பொட்டாசியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாளே. இப்போது உங்கள் படத்தைப் பார்த்து, "இனிமே ஒங்களுக்கு ஒரு பத்தியமும் இல்ல. நல்லாச் சாப்புடுங்க" என்றாள்.

கும்பிட்டு முடித்ததும் என் கை தானாக அதிரசத்துக்குப் போயிற்று. மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடு பாப்போம். அடுத்த வருசம் அவரு பக்கத்துலயே ஒனக்கும் ஒரு எலை போடுறேன். என்னென்ன வைக்கணும்னு இப்பவே சொல்லிட்டுப் போ."

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் கையை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு அதிரசமே மறந்துபோயிற்று மச்சான்.

இப்போது டெஸ்ட் இல்லாத நாளிலும் நடக்கிறேன். மாத்திரை தவறுவதில்லை. டீக்கடைக்காரர் சர்க்கரையில்லாத டீயை நீட்டும்போது துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நீட்டுகிறார். அடுத்த மூன்று மாத சராசரி என்ன சொல்லப்போகிறதோ?

ஒரு சத்தியம் செய்கிறேன். அக்காவை இரண்டு இலை போட விடமாட்டேன். நீங்களும் ஒத்தாசை செய்ய வேண்டும். பழக்கதோஷத்தில் எனக்கும் சேர்த்து அங்கே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடாதீர்கள். எனக்கு அவசரமில்லை. ரொம்பப் பின்னால் வருகிற பஸ்ஸில், நின்றுகொண்டாவது வருகிறேன்.

இப்படிக்கு,
அதிரசத்தைத் தொடாத உங்கள் மச்சினன்
சேகர்