நோரா கிள்ளிய சாமந்தி

கன்னியர் மடம், அல்சூர்
9 ஜூலை 1923

பக்கத்து வீட்டு சேஷகிரி ஐயா அவர்களுக்கு வந்தனம்.

பாகீரதியம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் மூன்று ஏக்கரையும் நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறீர்கள். அநாதைப் பெண்கள் நாற்பது பேர் படுக்கும் கூடம் ஒழுகுகிறது. நேற்று குடை பிடித்துக்கொண்டுதான் ஜெபமாலை சொன்னோம். ஆனாலும் கிணறும் கீரைப் பாத்தியும் எங்கள் ஆறு சகோதரிகளின் கல்லறையும் அந்த நிலத்தில்தானே இருக்கின்றன! விற்க மனம் வரவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கல்லறைகளில் வைக்கக் கன்டோன்மெண்டே சாமந்திக்கு அலையும். மீதி நிலம் முழுக்க அதைத்தான் நட்டிருக்கிறோம். அதில் கூரைக்குப் பணம் தேறாவிட்டால், கிறிஸ்துமஸ் கழித்து நிலம் உங்களுக்கே. இது என் வாக்கு.

மதர் பவுலின்

அல்சூர்
11 ஜூலை 1923

மதர் அவர்களுக்கு நமஸ்காரம்.

என் மனைவியின் முழங்கால் அப்படியேதான். வாய் மட்டும் நன்றாக நடக்கிறது. உங்கள் வாக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டேன். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், காகிதத்தை விடமாட்டேன். எட்டு வீடு கட்டி வாடகைக்கு விட உத்தேசம். கோபிக்க வேண்டாம்.

சேஷகிரி

கன்னியர் மடம்
5 நவம்பர் 1923

ஐயா,

சிரிப்பீர்கள். திருநாளன்று எங்களிடம் ஒரு பூ இல்லை, எல்லாம் மொட்டு! கிளை விடட்டும் என்று ஆகஸ்டில் நுனி கிள்ளச் சொன்னேன். புதிதாக மடத்தில் சேர்ந்த நோரா, செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறையும் கிள்ளியிருக்கிறாள். பூக்கும் காலமே ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது. "கிள்ளினா நெறைய பூக்கும்னு நீங்கதானே சொன்னீங்க மதர்?" என்று அழுகிறாள். திட்ட வாய் வரவில்லை.

சொன்ன சொல் மாறமாட்டேன். கல்லறைகளை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

மதர் பவுலின்

அல்சூர்
8 டிசம்பர் 1923

மதர் அவர்களுக்கு,

நான் பெருமாள் கோவில் தர்மகர்த்தா என்பது தெரியுமல்லவா? வைகுண்ட ஏகாதசி உற்சவம் இருபது நாள். போன வார மழையில் பூக்காரர் தோட்டமெல்லாம் அழுகிப் போயிற்று. பெருமாள் வெறும் துளசியோடு நிற்கிறார். உங்கள் வேலிக்கு அந்தப் பக்கமோ, மொட்டெல்லாம் மழைக்குப் பின் விரிந்து ஒரே மஞ்சள். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. தருவீர்களா?

சேஷகிரி

கன்னியர் மடம்
9 டிசம்பர் 1923

ஐயா,

எங்கள் ஃபாதரைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "தாராளமா குடுங்க மதர், விலைய மட்டும் கொறைக்காதீங்க" என்றார். முதல் பன்னிரண்டு கூடை இத்துடன் வருகிறது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மதர் பவுலின்

அல்சூர்
29 டிசம்பர் 1923

மதர் அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

உற்சவம் ஜோராக முடிந்தது. இப்படி ஒரு அலங்காரத்தை ஊர் பார்த்ததில்லை.

பூப்பணம் பாதிக் கூரைக்குத்தான் ஆயிற்று, ஆகவே நிலம் என்னுடையது என்று நேற்று நீங்களே சொல்லியனுப்பினீர்கள். அதைக் கேட்டதும் பாகீரதி பிடித்துக்கொண்டாள்: "பெருமாளுக்குப் பூ குடுத்த எடத்துல வீடு கட்டி வாடகை வாங்கப் போறேளா? நன்னாருக்கு!" எனக்கும் மனம் ஒப்பவில்லை, மதர்.

உங்கள் வாக்குக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கிழித்துப் போடுங்கள். மீதிக் கூரைக்கான பணமும் இதிலேயே இருக்கிறது. அது தர்மமல்ல, அடுத்த வருஷத்துப் பூவுக்குக் கோவில் தரும் முன்பணம்.

ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருஷமும் நோராவே கிள்ளட்டும்.

சேஷகிரி